ஆறு மாதம் உணவை மாற்றினால் மூளை ஸ்கேனில் தெரியுமா?

வாசகர் கடிதம் (சுருக்கமாக): எனக்கு 59 வயது. ஊர் மன்னார்குடி பக்கம். பல வருடமாக சர்க்கரையும் பிரஷரும் உண்டு. மெட்ஃபார்மின், டெல்மிசார்டன் எடுத்துக்கொள்கிறேன். நாங்கள் சைவம், வீட்டில் நானும் கணவரும் மட்டும்தான். போன மாதம் படுக்கையில் புரண்டு படுத்தாலே தலை சுற்றியது. காது மூக்கு தொண்டை டாக்டர் தலையை அப்படியும் இப்படியுமாகத் திருப்பிவிட்டதில் அது நின்றுவிட்டது. ஆனால் அதற்குள் மகன் பயந்துபோய், எம்.ஆர்.ஐ. எடுத்தாகிவிட்டது. ரிப்போர்ட்டில் 'ஃபசேகாஸ் கிரேடு 1, நாள்பட்ட சிறு ரத்தக்குழாய் மாற்றங்கள்' என்று போட்டிருக்கிறது. மூளையில் அடைப்பு ஆரம்பித்துவிட்டதா? மெடிட்டரேனியன் உணவு (கிரேக்கம், இத்தாலி பக்கத்துச் சாப்பாடு) சாப்பிட்டால் மூளை ரத்தக்குழாய் நன்றாக இருக்கும் என்று ஸ்கேன் எடுத்தே நிரூபித்திருக்கிறார்களாம். ஆறு மாதம் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்று அமெரிக்காவில் இருக்கும் மகன் சொல்கிறான், ஆலிவ் எண்ணெயும் அனுப்பிவிட்டான். நான் என்ன செய்ய?

பதில்:

வணக்கம் அம்மா. பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், சாப்பாட்டுக்கு அப்புறம் வருகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் அந்த வரிக்கு அடைப்பு என்று பொருள் இல்லை. ஃபசேகாஸ் என்பவர் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்து நரம்பியல் மருத்துவர், 1987-இல் அவரும் சகாக்களும் வகுத்த அளவுகோல்தான் இது, 0 முதல் 3 வரை போகும். உங்களுடையது 1, அதாவது பூஜ்யத்துக்கு அடுத்த படி. நெதர்லாந்தில் ரோட்டர்டாம் ஆய்வில் 60-லிருந்து 90 வயது வரை உள்ள ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, இந்த வெள்ளைப் புள்ளிகள் துளிகூட இல்லாதவர்கள் 100-க்கு 5 பேர்தான் இருந்தார்கள். நீங்கள் அந்த வயதை எட்டப்போகிறவர், அதோடு சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது, கிரேடு 1 வந்ததில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. அப்புறம் அந்தத் தலைசுற்றல், புரண்டு படுத்தால் வந்து, தலையைத் திருப்பிவிட்டதும் நின்றுபோனது என்றால் அது உள்காதில் வந்த பிரச்சினை. இந்தப் புள்ளிகளுக்கும் அதற்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

மூளை ஸ்கேன்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதுதான் என் வேலை, அதனால் அந்தப் படத்தில் நாங்கள் என்ன பார்க்கிறோம் என்று சொல்கிறேன். ஃபிளேர் என்று ஒரு வகைப் படம் எடுப்பார்கள். அதில் மூளை நீர் கறுப்பாகவும், மூளை சாம்பல் நிறத்திலும் தெரியும். நடுவில் கறுப்பாகத் தெரிகிற நீரறைகளின் முனைகளில் தொப்பி கவிழ்த்ததுபோல வெளுப்பாகக் கொஞ்சம் இருக்கும், ஓரத்தில் பென்சில் கோடு மாதிரி ஒரு வெள்ளைக் கோடு ஓடும், உள்ளே தள்ளி அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கடுகளவு வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். கிரேடு 1 இவ்வளவுதான். புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பித்தால் 2, திட்டுத்திட்டாகச் சேர்ந்துவிட்டால் 3.

ஆனால் அந்தப் படத்தில் ரத்தக்குழாய் தெரியாது. 'சிறு ரத்தக்குழாய் மாற்றங்கள்' என்று எழுதுகிறோமே தவிர, நாங்கள் பார்ப்பது அந்தக் குழாய்களை அல்ல. மூளையின் ஆழத்துக்குப் போகிற அந்தத் தமனிகள் கால் மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாதவை, வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்துக்கோ ஒரு துண்டே 5 மில்லிமீட்டர் கனம். நீங்கள் டெல்டாக்காரர், கடைமடை நிலம் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூளையின் உள்பகுதி அந்த மாதிரி இடம், மேற்பரப்பிலிருந்து நீண்டு இறங்கும் மெல்லிய குழாய்களின் கடைசிப் பாசனம். தண்ணீர் வரும் முறையில் ஏதாவது கோளாறு வந்தால் முதலில் வாடுவது அதுதான். நாங்கள் உயரத்திலிருந்து பார்த்து, பயிர் பழுத்திருக்கிறது, அதனால் வாய்க்காலில் கோளாறு இருக்க வேண்டும் என்று எழுதுகிறோம். வாய்க்காலை நேரில் பார்த்தவர்கள் அல்ல நாங்கள்.

இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உணவு மூளை ரத்தக்குழாயை என்ன செய்கிறது என்று ஸ்கேனில் ஆராய்கிறவர்கள் பெரும்பாலும் அளப்பதும் இந்த வெள்ளைத் திட்டுகளின் மொத்தப் பருமனைத்தான். உங்கள் மகன் படித்தது பொய் இல்லை. நியூயார்க்கில் வடக்கு மன்ஹாட்டனில் நடந்த ஒரு நீண்டகால ஆய்வின் முடிவு 2012-இல் வெளிவந்தது. 966 பேரிடம் என்னென்ன சாப்பிடுகிறார்கள் என்று விவரமாகக் கேட்டு வைத்துக்கொண்டு, சில வருடங்கள் கழித்து மூளை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அவர்கள் கிரேக்கத்திலோ இத்தாலியிலோ இருப்பவர்கள் இல்லை, பாதிக்கு மேல் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், அவரவர் வீட்டுச் சமையலைச் சாப்பிட்டவர்கள். காய், பழம், பருப்பு, தானியம், மீன் அதிகமாகவும் இறைச்சி, பால்கொழுப்பு குறைவாகவும், அதாவது மெடிட்டரேனியன் பாணியில், சாப்பிட்டவர்களின் மூளையில் வெள்ளைத் திட்டின் அளவு குறைவாக இருந்தது. பிரஷர், சர்க்கரை போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அப்படித்தான்.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த இடம் வேறு. உணவின் ஒவ்வொரு அம்சத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, காயோ பழமோ மீனோ அல்ல, கொழுப்பின் விகிதம் ஒன்றுதான் தனித்து நின்றது. ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு (நல்ல வகை) எவ்வளவு, நிறைவுற்ற கொழுப்பு (குறைக்க வேண்டிய வகை) எவ்வளவு என்ற அந்தக் கணக்கு. ஆலிவ் எண்ணெயில் முதலாவது இரண்டாவதைப்போல ஐந்து மடங்கு. சரி, நம் ஊர் கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும்? ஏறக்குறைய இரண்டரை மடங்கு, மோசமே இல்லை. பாமாயிலில் கிட்டத்தட்ட பாதி நிறைவுற்ற கொழுப்புதான், தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல். ஆகவே மகன் அனுப்பிய ஆலிவ் எண்ணெயை வீணாக்காமல் தாராளமாகப் பயன்படுத்துங்கள், தீர்ந்ததும் மரச்செக்குக் கடலை எண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ திரும்பிவிடலாம், கடல் கடந்து வரவழைக்க வேண்டியதே இல்லை. மாற்ற வேண்டியது பாமாயிலில் பொரித்த பலகாரமும் கணக்கில்லாமல் ஊற்றும் நெய்யும்தான். சட்னிக்குத் தேங்காயைப் பாதியாக்கி மீதிக்கு வேர்க்கடலையோ பொட்டுக்கடலையோ சேர்த்து அரையுங்கள், ருசி ஒன்றும் கெட்டுவிடாது.

ஆனால் இந்த மாதிரி ஆய்வுகளில் ஒரு சிக்கல் உண்டு. நல்ல சாப்பாடு சாப்பிடுகிறவர்கள் நடக்கவும் செய்வார்கள், மாத்திரையை ஒழுங்காகப் போடுவார்கள், புகை பிடிக்க மாட்டார்கள். எது எதனால் என்று என்னதான் கணக்குப் போட்டுப் பிரித்தாலும் முழுதாகப் பிரியாது. அதற்காகத்தான் ஆட்களைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரண்டு பிரிவாக்கி, ஆளுக்கொரு உணவு கொடுத்துப் பார்ப்பது. அப்படி ஒன்றைச் சிகாகோவிலும் பாஸ்டனிலும் செய்தார்கள், 2023-இல் முடிவு வந்தது. மூளைக்கென்றே வகுத்த 'மைண்ட்' என்ற உணவுமுறையை ஒரு பிரிவுக்குக் கொடுத்தார்கள், இன்னொரு பிரிவு தங்கள் வழக்கமான சாப்பாட்டையே கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்டது. மொத்தம் 604 பேர், மூன்று வருடம். கடைசியில் ஞாபகசக்திச் சோதனையிலும் வித்தியாசம் இல்லை, எம்.ஆர்.ஐ.யில் வெள்ளைத் திட்டிலும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. இரண்டு பிரிவுமே சராசரியாக 5 கிலோ அளவுக்கு எடை குறைந்திருந்தது. உணவால் பயனே இல்லை என்று இதைப் படிப்பது தவறு என்பது என் கருத்து. இரண்டு பக்கமும் முன்னைவிட ஒழுங்காகத்தான் சாப்பிட்டிருக்கிறார்கள், போதாததற்கு இந்தத் திட்டுகள் மூன்று வருடத்தில் பெரிதாக மாறுகிற சமாச்சாரமும் அல்ல. ஆனாலும் இதைத் தெரிந்துகொண்டுதான் நீங்கள் உங்கள் ஆறு மாதத் திட்டத்தை யோசிக்க வேண்டும்.

சீக்கிரம் மாறுகிற ஒன்றை ஸ்கேனில் பார்க்கவே முடியாதா என்றால், முடியும், அது ரத்த ஓட்டம். ஏ.எஸ்.எல். என்று ஒரு முறை இருக்கிறது. ஊசி கிடையாது, மருந்து கிடையாது, கழுத்தில் ஏறிப்போகும் ரத்தத்தில் உள்ள நீரையே காந்தத்தால் அடையாளப்படுத்தி, அது மூளையின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்று பார்ப்பார்கள். வட கரோலைனாவில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் இதை வைத்து, இருபதுக்கும் குறைவான முதியவர்களுக்கு பீட்ரூட் சாறு உட்பட நைட்ரேட் மிகுந்த உணவைச் சில நாள் கொடுத்துப் பார்த்ததில், முன்மூளையின் உள்பகுதியில் ரத்த ஓட்டம் கூடியது தெரிந்தது. பீட்ரூட் சாறு குடித்தால் மூளை சுறுசுறுப்பாகும் என்று பரவும் செய்திகளுக்குப் பின்னால் இருப்பது இந்த மாதிரிச் சின்ன ஆய்வுகள்தான்.

அதே ஏ.எஸ்.எல். முறையில்தான் இன்னொன்றையும் பார்த்திருக்கிறார்கள்: 250 மில்லிகிராம் காஃபீன் மூளையின் ரத்த ஓட்டத்தைக் கால் பங்குக்கும் சற்று அதிகமாகவே குறைத்துவிடுகிறது. அதற்காகக் காபி மூளையைக் கெடுக்கிறது என்று ஆகாது, குழாய்கள் கொஞ்ச நேரம் சுருங்கி, பிறகு பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் ஸ்கேனுக்கு வருமுன் குடித்த காபி ஒன்றே இவ்வளவு மாற்றம் காட்டும் என்றால், ஆறு மாதம் என்ன சாப்பிட்டீர்கள் என்பதை ஒருவருடைய ஒரே ஒரு படத்தை வைத்து எப்படிச் சொல்வது? ஆராய்ச்சியில் எல்லோரையும் ஒரே நேரத்தில், காபி இல்லாமல், ஒரே மெஷினில் படுக்கவைக்கிறார்கள், அப்புறம் பலருடைய சராசரியைப் பார்க்கிறார்கள். நம் ஊர் ஸ்கேன் சென்டரில் அதெல்லாம் நடக்காது, நடக்க வேண்டிய அவசியமும் இல்லை.

உப்பைப் பற்றிய ஒரு ஆய்வைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் எலிகளுக்கு வழக்கத்தைவிட 8 முதல் 16 மடங்கு உப்பு சேர்த்த தீனி கொடுத்தார்கள், 2018-இல் வெளிவந்தது. எம்.ஆர்.ஐ.யில் பார்த்தால் மூளையின் மேல்பகுதியில் ரத்த ஓட்டம் 28 சதவீதமும், ஞாபகத்துக்கு உரிய ஹிப்போகேம்பஸில் 25 சதவீதமும் குறைந்திருந்தது. அந்த எலிகளுக்குப் பிரஷர் ஏறியதால் இது நடக்கவில்லை. உப்பால் குடலில் கிளம்பிய நோயெதிர்ப்புச் செல்கள் ஒரு ரசாயனத்தைச் சுரந்து, அது ரத்தக்குழாயின் உள்சுவரைப் பாதித்திருந்தது. பழைய தீனிக்குத் திரும்பிய நான்கு வாரத்தில் எல்லாம் சரியானது. எலிக்குக் கொடுத்த அளவு மிகப் பெரிய அளவு, அதை அப்படியே நமக்குப் பொருத்தக்கூடாது. ஆனாலும் உப்புக்கும் மூளைக் குழாய்க்கும் பிரஷரைத் தாண்டியும் ஒரு வழி இருக்கக்கூடும் என்று காட்டியதால் எனக்கு இது முக்கியமாகப் படுகிறது.

இப்போது ஆறு மாதத்துக்கு வருவோம். உணவை விடுங்கள், மருந்து கொடுத்தே பிரஷரை நன்றாக இறக்கினால் இந்தத் திட்டுகள் எவ்வளவு மாறும்? அமெரிக்காவில் ஸ்பிரின்ட் என்ற பெரிய ஆய்வு, 2019-இல் அதன் ஸ்கேன் முடிவு வந்தது. மேல் பிரஷரை 120-க்குக் கீழே கொண்டுவந்தவர்களுக்கு ஏறத்தாழ நான்கு வருடத்தில் திட்டு 0.92 கன சென்டிமீட்டர் வளர்ந்தது, 140-க்குக் கீழே என்று விட்டவர்களுக்கு 1.45. சராசரியில் இரண்டு பிரிவிலும் வளர்ந்தது, எதிலும் குறையவில்லை, ஒரு பிரிவில் மெதுவாக வளர்ந்தது, அவ்வளவுதான். வித்தியாசம் அரை மில்லிலிட்டர்! அதுவும் நான்கு வருடத்தில். அந்தப் படங்களைக் கம்ப்யூட்டர் வைத்து அளந்து, நூற்றுக்கணக்கானவர்களின் சராசரியை எடுத்ததால்தான் அதுகூடக் கண்ணில் பட்டது. நீங்கள் ஆறு மாதம் கழித்து வேறொரு மெஷினில், தலையைக் கொஞ்சம் சாய்த்து வைத்துப் படம் எடுத்தால், 5 மில்லிமீட்டர் துண்டு விழும் இடம் மாறினாலே ஒரு புள்ளி காணாமல் போகும், இன்னொன்று புதிதாக முளைக்கும். மறைந்தால் ஆலிவ் எண்ணெய்க்குப் பாராட்டு, முளைத்தால் வீட்டில் எல்லோருக்கும் தூக்கம் போகும். இரண்டுக்குமே அர்த்தம் இருக்காது. அதற்கு ஏன் பல ஆயிரம் ரூபாய் செலவு?

மகன் கேட்பது நியாயமான கேள்விதான், சாப்பாட்டை மாற்றினால் பலன் இருக்கிறதா என்று எதிலாவது பார்க்க வேண்டுமே. அதற்கான கருவி பிரஷர் மெஷின். அமெரிக்காவில் டாஷ் சோடியம் என்று ஒரு ஆய்வு, 412 பேர், 2001-இல் வந்தது. காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால் நிறைந்த உணவோடு உப்பையும் குறைத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் 30 நாள்தான் கொடுத்தார்கள். ஏற்கெனவே பிரஷர் இருந்தவர்களுக்கு, உப்பு அதிகமான வழக்கமான உணவு சாப்பிட்டபோது இருந்ததைவிட மேல் பிரஷர் சராசரியாக 11.5 புள்ளி குறைவாக இருந்தது. நான்கு வருடம் காத்திருந்து எம்.ஆர்.ஐ.யில் அரை மில்லிலிட்டர் தேடுவதைவிட, கையில் பட்டை கட்டி ஒரு மாதத்தில் இதைப் பார்த்துவிடலாம். மகனை அடுத்த முறை ஒரு நல்ல மேல்கைப் பட்டை மெஷின் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆன பிறகு, நாற்காலியில் முதுகு சாய்ந்து, கால் தரையில் பட, பேசாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, காலையில் மாத்திரைக்கு முன்பும் ராத்திரியும் இரண்டிரண்டு தடவை எடுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு வாரம் எழுதிக்கொண்டு போய் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். 120 என்ற கணக்கை நீங்களாக இலக்காக வைத்துக்கொள்ளாதீர்கள், ஸ்பிரின்ட்டில் சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்கவே இல்லை. உங்களுக்கு எவ்வளவு என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

உப்பு எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒரு கிலோ உப்பு பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று அதன்மேலேயே தேதியை எழுதி வையுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, அதாவது ஒரு டீஸ்பூன். இரண்டு பேருக்கு 10 கிராம், ஆக ஒரு கிலோ 100 நாள் வர வேண்டும். 50 நாளில் காலியானால் இரண்டு மடங்கு சாப்பிடுகிறீர்கள். கடையில் வாங்கும் ஊறுகாய், அப்பளம், மிக்சர் எல்லாம் இந்தக் கணக்கில் வராதவை, அவை தனி. முதலில் தயிர்சாதத்துக்கு ஊறுகாயும் மோர்மிளகாயும் சேர்த்து வைத்துக்கொள்வதை நிறுத்துங்கள், ஏதாவது ஒன்று போதும். சாதம் வடிக்கும்போதும் சப்பாத்தி மாவிலும் உப்பு போடுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், சில வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

உடனே யாராவது உங்களிடம் பொட்டாசியம் கலந்த உப்பைப் பற்றிச் சொல்வார்கள். நல்ல சரக்குதான், சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்த ஆய்வில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் நீங்கள் டெல்மிசார்டன் சாப்பிடுகிறீர்கள், அது உடம்பில் பொட்டாசியத்தைக் கொஞ்சம் தேக்கிவைக்கும் மாத்திரை, சர்க்கரை பல வருடமாக இருப்பதால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதும் பார்க்க வேண்டும். ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது) பொட்டாசியமும் சோதித்து, உங்கள் டாக்டர் சரி என்று சொல்லாமல் அந்த உப்பை வாங்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று என் கண்ணில் பட்டது. சைவம், அதோடு பல வருட மெட்ஃபார்மின். இரண்டுமே பி12 வைட்டமினைக் குறைப்பவை. பி12 குறைந்தால் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் ஏறும், அது ரத்தக்குழாய்க்கு நல்லதல்ல. பக்கவாதம் வந்தவர்களுக்கு பி வைட்டமின்கள் கொடுத்துப் பார்த்த ஒரு சர்வதேச ஆய்வின் எம்.ஆர்.ஐ. பகுதி 2012-இல் வந்தது. மொத்தமாகப் பார்த்தால் பலன் இல்லை, ஆனால் சிறு ரத்தக்குழாய் பாதிப்பு ஏற்கெனவே அதிகமாக இருந்தவர்களுக்கு மட்டும் திட்டின் வளர்ச்சி குறைந்திருந்தது. உங்களுக்கு பாதிப்பு அதிகம் இல்லை, அதனால் இதை வைத்து ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லவில்லை. பி12 அளவை ஒரு தடவை ரத்தத்தில் பார்த்துவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன். கால் மதமதப்பு இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மற்றபடி ஸ்கேன் எப்போது மறுபடி வேண்டும்? முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கையோ காலோ திடீரென்று பலமிழந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கண் பார்வை சட்டென்று மங்கினாலோ அன்றைக்கே, அந்த நிமிடமே 108-க்குக் கூப்பிட்டு, ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. இந்த அறிகுறிகள் கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியானாலும் போக வேண்டும். நடை தடுமாறுவது, யோசனை மந்தமாவது என்று மாதக்கணக்கில் மெல்ல வரும் மாற்றங்களுக்கு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள், அவர் கேட்டால் எடுக்கலாம். இது எதுவும் இல்லையென்றால் இப்போதைக்கு வேண்டாம்.

இப்போது எடுத்த ஸ்கேனின் சி.டி.யைப் பத்திரமாக வையுங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. பின்னால் எப்போதாவது எடுக்க நேர்ந்தால் கூடுமானவரை அதே சென்டரில் எடுத்து, பழைய படத்தோடு ஒப்பிட்டு எழுதச் சொல்லிக் கேளுங்கள். சி.டி. சில வருடத்தில் திறக்காமல் போய்விடுவது உண்டு, மகன் ஊருக்கு வரும்போது அதை ஒரு பென் டிரைவிலும் ஏற்றி வைக்கச் சொல்லுங்கள்.